இளவரசரை விரட்டிய நகரம்: லாஸ் ஏஞ்சலஸ் அனார்க் இயக்கத்தின் தலைமைப் பொறுப்புகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நகரத்தின் ஆட்சியாளரை விரட்டியடித்த கலகக்காரர்கள், அவர் அதுவரை செய்துவந்த வேலைகளை மறுநாள் இரவு யாரிடம் ஒப்படைக்கிறார்கள்? 1991-ஆம் ஆண்டு வெளியான 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' என்னும் பாத்திரமேற்பு விளையாட்டின் கற்பனை உலகில் இந்தக் கேள்விக்கு மிக விரிவான விடை ஒன்று இருக்கிறது. அந்த உலகில், நவீன நகரங்களின் நிழலில் மறைந்து வாழும் இரத்தக்காட்டேரிகளுக்கென்று ஓர் அரசியல் உண்டு. மூத்தவர்களின் ஆட்சியைக் காக்கும் கமரில்லா ஒரு பக்கம் நிற்கிறது. அந்த ஆட்சியை ஏற்க மறுக்கும் அனார்க் இயக்கம் மறுபக்கம் நிற்கிறது. இவ்விரண்டும் மோதிய நகரங்களில் லாஸ் ஏஞ்சலஸ் அளவுக்கு நெருங்கிப் பார்க்க வாய்ப்பளிப்பது வேறொன்றும் இல்லை. 1944-இல் அங்கே கலகம் வென்றது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே நடந்தவை, பல விதிநூல்களிலும் 2004-இல் வெளியான 'பிளட்லைன்ஸ்' என்னும் கணினி விளையாட்டிலும் பதிவாகியுள்ளன.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்த இயக்கத்தின் தலைமைப் பொறுப்புகளை மட்டுமே. பட்டங்களைத் தொகுத்துப் பட்டியலிடுவது இதன் நோக்கமன்று. ஒரு பொறுப்பு உண்மையில் எந்த வேலையைச் சுமந்தது, அந்த வேலையைச் சுமக்க ஆளில்லாதபோது என்ன நேர்ந்தது என்பதே இங்கே கேட்கப்படுவது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: லாஸ் ஏஞ்சலஸ் அனார்க்குகள் தோற்ற இடங்களில் பெரும்பாலானவை, அவர்கள் இளவரசரின் பதவியை ஒழித்தபோது அவருடைய வேலைகளும் சேர்ந்து ஒழிந்துவிட்டதாக நம்பிய இடங்களே.

இளவரசர் சுமந்த ஆறு வேலைகள்

கமரில்லா நகரத்தை ஆள்பவருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், இளவரசர் என்றே பெயர். அவருக்கு உதவ மூத்தவர்களின் அவையும், தண்டனையை நிறைவேற்றும் ஷெரீஃப்பும், நாள்நடப்பைக் கவனிக்கும் செனஷலும் இருப்பார்கள். இந்த அமைப்பு முழுவதும் ஆறு மரபு விதிகளின் மேல் நிற்கிறது. காட்டேரிகள் இருப்பதை மனிதர்கள் அறியக்கூடாது என்பது முதல் விதி. முகத்திரை என்று அதைச் சொல்லலாம். ஒருவருக்கு உரிய பகுதியில் அவர் சொல்லே செல்லும் என்பது இரண்டாவது. அனுமதி பெறாமல் புதிய காட்டேரியை உருவாக்கக்கூடாது என்பது மூன்றாவது. உருவாக்கியவர், தாம் உருவாக்கியவரைத் தனித்து இயங்க விடும்வரை அவருடைய செயல்களுக்குப் பொறுப்பாவார் என்பது நான்காவது. வேறு நகரத்திலிருந்து வருபவர் ஆள்பவரிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஐந்தாவது. இன்னொரு காட்டேரியின் உயிரை எடுக்கும் உரிமை ஆள்பவருக்கு மட்டுமே உண்டு என்பது ஆறாவது.

கலகக்காரரின் கண்ணுக்கு இவை ஆறும் ஆறு விலங்குகளாகவே தெரியும். அதில் நியாயமும் உண்டு. அனுமதி என்ற பெயரில் இளவரசர் தம் ஆட்களுக்குச் சலுகை தருவார்; பகுதி என்ற பெயரில் நல்ல வேட்டைக்களங்களை மூத்தவர்கள் வளைத்துக்கொள்வார்கள். என்றாலும் ஒவ்வொரு விதிக்குள்ளும், எந்த நகரத்திலும் யாரேனும் ஒருவர் செய்தே ஆகவேண்டிய ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. இரகசியம் கசிந்தால் யாரேனும் மூடவேண்டும். இருவர் ஒரே தெருவில் வேட்டையாடினால் யாரேனும் தீர்த்துவைக்கவேண்டும். புதிதாகப் பிறந்தவருக்கு யாரேனும் கற்றுத்தர வேண்டும். ஊருக்குள் நுழைந்த அந்நியர் நண்பரா ஒற்றரா என்று யாரேனும் பார்க்கவேண்டும். கலகத்தின் வரலாற்றைப் படிக்கும்போது விலங்கையும் வேலையையும் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது. இந்த ஆய்வில் நான் பயன்படுத்தும் அளவுகோலும் இதுவே.

1944: வெற்றியும் வெற்றிடமும்

இந்தக் கற்பனை உலகில் கலகம் புதியதன்று. ஐரோப்பாவில் மூத்தவர்களுக்கு எதிராக இளையவர்கள் நடத்திய முதல் பெருங்கலகம் 1493-இல் முள்களின் உடன்படிக்கையோடு முடிந்தது. பணிந்தவர்கள் கமரில்லாவின் விளிம்பில் சகித்துக்கொள்ளப்பட்டார்கள். பணியாதவர்கள் பிரிந்து சபாட் என்னும் கொடிய அமைப்பாக மாறினார்கள். விளிம்பில் நின்றவர்களின் வழித்தோன்றல்களே பிற்கால அனார்க்குகள்.

லாஸ் ஏஞ்சலஸை அப்போது ஆண்டவர் டான் செபாஸ்டியன் என்னும் இளவரசர். காட்டேரிக் குலங்களில் ஒன்றான புரூஹாவைச் சேர்ந்த ஜெரமி மக்நீல் இளையவர்களின் குறைகளை அவரிடம் முறையிடச் சென்றார். பதிலாக இளவரசரின் ஆட்கள் அவரை அடித்துப் போட்டார்கள். அந்த அடியே கலகத்தின் தீப்பொறியாக அமைந்தது. 1944 டிசம்பரில் இளவரசரின் ஆட்சி வீழ்ந்தது. கலகக்காரர்கள் 'ஸ்டேட்டஸ் பெர்ஃபெக்டஸ்' என்ற பிரகடனத்தை வெளியிட்டு அனார்க் சுதந்திர அரசை அறிவித்தார்கள். அதன் கருத்தியலுக்கு உருக்கொடுத்தவர்களில் சால்வடோர் கார்சியா முக்கியமானவர். தேர்ந்தெடுத்த காலமும் இடமும் பொருத்தமானவை. அதற்கு முந்தைய ஆண்டு, 1943 ஜூனில், உண்மையான லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் படைவீரர்கள் மெக்சிக அமெரிக்க இளைஞர்களை உடை பார்த்துத் தேர்ந்தெடுத்து அடித்தார்கள். 'சூட் சூட்' கலவரம் என்று வரலாறு அதைப் பதிவுசெய்திருக்கிறது. முறையிட வந்தவனை அடிப்பதே ஆட்சி என்றிருந்த நகரத்தில் இந்தக் கற்பனைக் கலகம் நடப்பது, படிப்பவருக்குச் செயற்கையாகப் படுவதில்லை.

இனி வருவதே இந்த ஆய்வின் முதல் திருப்பம். வென்ற மக்நீலிடம் ஆட்சிப் பொறுப்பு வந்தபோது அவர் அரியணையை ஏற்கவில்லை. இளவரசரை எதிர்த்தவர் இளவரசர் ஆகக்கூடாது என்பது அவர் நேர்மை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அனார்க் இயக்கத்தின் கதையில் மனத்தை மிகவும் தொடும் செயல் அதுதான். ஆனால் பதவியை மறுத்த அதே மூச்சில், மேலே சொன்ன ஆறு வேலைகளை யார் யாருக்குப் பங்கிடுவது என்பதற்கு அவர் வழி செய்யவில்லை. முகத்திரை விதி மட்டும் எல்லோர் உயிரையும் காப்பது என்பதால் பொதுவாக ஏற்கப்பட்டது. மற்றவை அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டன.

வெற்றிடம் நீண்ட நாள் வெற்றிடமாக இருக்கவில்லை. வேட்டைக்களத்தைக் காக்கக் கூட்டம் வேண்டியிருந்தது. கூட்டத்துக்குத் தலைவன் வேண்டியிருந்தது. அந்தத் தலைவர்கள் பாரன் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார்கள். நகரம் பல பாரன்களின் பகுதிகளாகச் சிதறியது. 1994-இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் விதிநூல் காட்டும் நகரத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இலட்சியத்தின் இடத்தில் கும்பல்களும் எல்லைச் சண்டைகளும் நிற்கின்றன. ஒரு செபாஸ்டியனின் இடத்தில் பல சிறிய செபாஸ்டியன்கள் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். ஒரு பாரனின் பகுதி பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். இளவரசரின் நகரத்தில் அந்த வாய்ப்பு இல்லை. வெளியேறும் உரிமை சிறிய உரிமையன்று.

சமூகவியல் இதை நன்கு அறிந்திருக்கிறது. எந்த அமைப்பும் காலப்போக்கில் சிலர் கையில் சுருங்கும் என்று ராபர்ட் மிக்கெல்ஸ் 1911-இலேயே எழுதினார். அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தில் செயல்பட்ட ஜோ ஃப்ரீமன், 1970-இல் ஆற்றிய உரையில் இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னார்: கட்டமைப்பே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுவிலும் தலைமை இருக்கத்தான் செய்யும், அது வெளிப்படையாக இல்லாததால் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பதே வேறுபாடு. மக்நீலின் நகரத்துக்கு ஃப்ரீமனின் வாதம் மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. பாரன்களையாவது கண்ணுக்குத் தெரியும். பட்டமே இல்லாமல் ஆளுபவர்களை என்ன செய்வது என்பது அறுபது ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் எழுந்த கேள்வி.

விதிநூல்கள் தரும் பொறுப்புகள்

காலம் செல்லச் செல்ல, இயக்கத்துக்கென்றே வெளியான விதிநூல்கள் சில பொறுப்புகளுக்குப் பெயர் கொடுத்தன. பாரனைப் பற்றிச் சொல்லியாயிற்று. எமிஸரி என்பவர் தூதர். பக்கத்து பாரனிடமோ, தேவைப்பட்டால் கமரில்லா இளவரசரிடமோ பேசப் போகிறவர். ரீவ் என்பவர் பகுதிக்குள் ஒழுங்கையும் சச்சரவையும் கவனிப்பவர். ஷெரீஃப்பை நினைவூட்டுபவர் என்பதால் அனார்க்குகளில் பலருக்கு அந்தப் பொறுப்பின் மேலேயே ஐயம் உண்டு. இவ்விருவரையும் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. எந்த அரசியல் கதையிலும் காணக்கூடியவர்களே.

ஸ்வீப்பர் அப்படிப்பட்டவர் அல்லர். யார் ஊருக்குள் வருகிறார்கள், யார் எங்கே தங்குகிறார்கள், யார் சில நாட்களாகக் கண்ணில் படவில்லை என்பதைத் தெரிந்துவைத்திருப்பதே அவருடைய வேலை. ஐந்தாம் விதியை எண்ணிப் பாருங்கள். கமரில்லா நகரத்தில் வருபவர்தான் ஆள்பவரைத் தேடிச் சென்று தலைவணங்க வேண்டும். அனார்க் நகரத்தில் ஸ்வீப்பர் வருபவரைத் தேடிப் போகிறார். வேலை ஒன்றே, திசை மாறிவிட்டது. வணங்கும் கட்டாயம் போய், கவனிக்கும் கடமை வந்திருக்கிறது. விலங்கைக் கழற்றி எறிந்து வேலையை மட்டும் வைத்துக்கொண்ட பொறுப்பு என்று இந்த இயக்கத்தில் எதையேனும் சுட்ட முடியுமானால், நான் ஸ்வீப்பரையே சுட்டுவேன். ஆனாலும் விளையாட்டை நடத்தும் கதைசொல்லிகள் பெரும்பாலும் இந்தப் பொறுப்பைக் கவனிப்பதில்லை. வாளும் துப்பாக்கியும் ஏந்துபவருக்குத்தான் முதலில் ஆள் தேடுகிறார்கள்.

2004: ஒரு திரையரங்கில் தொடங்கும் காட்சி

'பிளட்லைன்ஸ்' தொடங்கும்போது நகரத்தின் நிலை மாறியிருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த வேறு வகை இரத்தக் குடியினர் நகரத்தின் சில பகுதிகளில் வேரூன்றிவிட்டார்கள். சுதந்திர அரசு சுருங்கிவிட்டது. செபாஸ்டியன் லக்ராய் என்னும் கமரில்லா இளவரசர் வந்து ஆட்சி கோருகிறார்.

முதற்காட்சி ஒரு திரையரங்க மேடை. அனுமதியின்றி ஒரு மனிதரைக் காட்டேரியாக்கிய குற்றத்துக்காக, உருவாக்கியவரும் உருவாக்கப்பட்டவரும் நகரத்தின் காட்டேரிகள் முன்னிலையில் நிறுத்தப்படுகிறார்கள். இளவரசர் வருத்தம் தோய்ந்த குரலில் விதியை எடுத்துரைக்கிறார். பேருருவம் கொண்ட ஷெரீஃப் வாளை வீச, உருவாக்கியவர் அந்த மேடையிலேயே சாம்பலாகிறார். அடுத்து, பிறந்து சில மணிநேரமே ஆன அந்தப் புதியவரின் முறை. அப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, இது அநியாயம் என்று குரல் எழுப்புகிறார். அவர் நைன்ஸ் ரொட்ரிகஸ். அரங்கில் முணுமுணுப்பு பரவுகிறது. லக்ராய் ஒரு கணம் அரங்கை அளவெடுத்துப் பார்க்கிறார். பிறகு, தாம் முன்பே தீர்மானித்திருந்ததைப் போல, புதியவருக்கு உயிர்ப்பிச்சை அளிப்பதாக அறிவிக்கிறார்.

விளையாடுபவரின் பாத்திரமே அந்தப் புதியவர். எனவே நைன்ஸின் தலைமையை நாம் அறிவது கைக்கெட்டும் தொலைவிலிருந்து. அவரிடம் பட்டம் இல்லை. படை அணிவகுத்து நிற்கவில்லை. அரங்கின் மனநிலையை ஓர் இளவரசரால் புறக்கணிக்க முடியாதபடி மாற்றியது, அந்த இடத்தில் அவர் பேசினார் என்பது மட்டுமே. சமூகவியலாளர் மக்ஸ் வேபர் ஆளுமைக் கவர்ச்சியிலிருந்து பிறக்கும் அதிகாரம் என்று வகுத்தது இதைத்தான். இளவரசரின் ஆறாம் உரிமையாகிய உயிர் எடுக்கும் உரிமைக்கு, ஒரு குரல் தடை போடுகிறது.

அடுத்த காட்சியை அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அது திரையரங்கைவிட முக்கியமாகப் படுகிறது. அரங்கை விட்டு வெளியேறும் புதியவரைச் சந்தில் எதிர்கொள்பவர் ஸ்மைலிங் ஜாக், பழைய கடற்கொள்ளையர். இரத்தத்தை எப்படிக் குடிப்பது, எந்த அளவோடு நிறுத்துவது, மனிதர் பார்வையில் எதைச் செய்யக்கூடாது என்பதை அவர்தான் கற்றுத்தருகிறார். நான்காம் விதியின்படி இது உருவாக்கியவரின் கடமை. உருவாக்கியவரை இளவரசர் கொன்றுவிட்டார். கற்றுத்தர வேறு யாரையும் அமர்த்தவில்லை. கமரில்லா கைவிட்ட வேலையை அனார்க் ஒருவர் தாமாக எடுத்துக்கொள்கிறார். இயக்கம் ஆள் சேர்ப்பது இப்படித்தான். முதல் பாடத்தை யாரிடம் கற்றோமோ அவர் சொல்லும் அரசியலுக்கு நம் காது தானாகத் திறந்திருக்கும். மேலே சொன்ன பொறுப்புகளின் வரிசையில் ஆசிரியர் என்றொரு பதவி இல்லாதது வியப்பளிக்கிறது. ஒரு கலகக் கூட்டத்துக்கு அதைவிடப் பயனுள்ள பதவி கிடையாது.

நகர மையத்தில் 'தி லாஸ்ட் ரவுண்ட்' என்னும் மதுக்கூடமே நைன்ஸின் ஆட்கள் கூடும் இடம். அங்கே தாம்சல் இருக்கிறார்: வாய்த்துடுக்கும் கொதிக்கும் கோபமும் கொண்ட இளம்பெண். கூட்டத்தின் அன்றாடக் காவல் அவர் பொறுப்பு. தெருவோர மக்களிடையே ஒரு நோய் பரவும்போது அதை முதலில் கவனித்து, காரணமான காட்டேரிகளைத் தேடிப்பிடிக்க விளையாடுபவரை அனுப்புபவர் அவரே. இரத்தம் குடித்து வாழ்பவர்களுக்குத் தெருவின் நோய் தங்கள் உணவின் நோய் என்பதை எண்ணினால், அது எவ்வளவு அடிப்படையான பணி என்று புரியும். நைன்ஸ் பேசுகிறார், தாம்சல் நடத்துகிறார். நைன்ஸின் பெயர் நகரெங்கும் தெரிகிறது. தாம்சலின் பணியைக் கவனித்தவர்கள் குறைவு. அருகிலேயே ஸ்கெல்ட்டர், கூட்டத்தின் போர்வீரராக நிற்கிறார்.

ஹாலிவுட் பகுதி வேறு வகை. அங்கே ஐசக் ஏப்ரம்ஸ் என்பவர் முறையான பாரன். நகைக்கடை ஒன்றின் பின்னால் அமர்ந்து, நல்ல உடை உடுத்தி, தம் பகுதிக்குள் வருபவர் தம்மைப் பார்த்துவிட்டுச் செல்வதை எதிர்பார்க்கிறார். ஐந்தாம் விதி அங்கே கிட்டத்தட்ட முழு உருவில் திரும்பிவிட்டது. ஒரு திரையரங்கில் குடியேறிய கல்லுருவ உயிரினத்தோடு பேச்சு நடத்த அவர் விளையாடுபவரை அனுப்புவதும், காணாமல் போன ஒரு காணொளியின் தடத்தைத் தேட அனுப்புவதும், ஒரு தூதரின் வேலையும் ஒரு ரீவின் வேலையும் அவர் கையில் சேர்ந்திருப்பதைக் காட்டுகின்றன. அவர் கெட்டவர் அல்லர். அவர் பகுதியில் வேலை நடக்கிறது. நைன்ஸின் பகுதியைவிட ஒழுங்காகவே நடக்கிறது.

அவருடைய பலவீனம் ஆஷ் ரிவர்ஸ். திரை நடிகரான ஆஷைக் காட்டேரியாக்கியவர் ஐசக். ஆஷுக்கு அந்த வாழ்வு பிடிக்கவில்லை. அவர் ஐசக்கை மன்னிக்கவும் இல்லை. திரையரங்க மேடையில் ஒருவரின் தலையை வாங்கிய அதே செயலை, ஹாலிவுட்டில் ஒரு பாரன் யாரையும் கேட்காமல் செய்திருக்கிறார். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. இளவரசரின் அனுமதி முறை கொடியது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதை ஒழித்தவர்கள், உருவாக்கப்படப் போகிறவரின் விருப்பத்தைக் கேட்டறிய ஒரு வழியையேனும் அதனிடத்தில் வைத்திருக்க வேண்டும். ஆஷின் கசப்பு அந்த இடைவெளியில் பிறந்தது.

ஒரு முகம் திருடப்பட்ட இரவு

இந்த ஆய்வின் மையம் அலிஸ்டர் கிரவுட் கொலை. கிரவுட், மல்கேவியன் குலத்தின் மூத்தவர். கமரில்லா அவையில் இடம் பெற்றவர். அவரைத் தேடி அவர் மாளிகைக்கு அனுப்பப்படும் விளையாடுபவர், வாசலில் நைன்ஸ் வெளியேறுவதைக் காண்கிறார். உள்ளே கிரவுட் இறந்துகிடக்கிறார். விளையாடுபவர் தாம் கண்டதை லக்ராயிடம் தெரிவிக்க, அவர் நைன்ஸின் மேல் இரத்த வேட்டை அறிவிக்கிறார்; இனி நகரத்தில் யாரும் அவரைக் கொல்லலாம். பின்னரே உண்மை தெரிகிறது: மாளிகையில் தென்பட்டது நைன்ஸ் அல்லர். உருமாறும் ஆற்றல் கொண்ட மிங் சியாவோ, ஆசியாவிலிருந்து வந்த இரத்தக் குடியினரின் தலைவி, அவர் முகத்தை அணிந்து வந்திருக்கிறார்.

சூழ்ச்சி திறமையானது என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் எதிரி எதைக் குறிவைத்தார் என்று பாருங்கள். அனார்க் இயக்கத்தின் அதிகாரம் முழுவதும் ஒரு முகத்தில் குவிந்திருந்தது. அந்த முகத்தைத் திருடினால் இயக்கம் முழுவதையும் குற்றவாளியாக்கிவிடலாம். கமரில்லாவில் இதைச் செய்வது கடினம். இளவரசரின் முகத்தைத் திருடினாலும், அவையும் ஷெரீஃப்பும் செனஷலும் அவர் அந்நேரத்தில் எங்கே இருந்தார் என்று சொல்ல இருக்கிறார்கள்.

நைன்ஸுக்கு அப்படிச் சொல்ல யார் இருந்தார்கள்? அந்த இரவில் அவர் எங்கே இருந்தார் என்று உறுதிபடக் கூறி, பிறர் நம்பும்படி நிற்க ஒரு ஸ்வீப்பர் இல்லை. லக்ராயின் முன் சென்று, ஒரே சாட்சியின் சொல்லை நம்பி இரத்த வேட்டை அறிவிப்பது முறையா என்று வாதிட ஓர் எமிஸரி இல்லை. மதுக்கூடத்தில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை இளவரசரின் அவையில் வாதமாக வைக்க ஒருவரும் இல்லை. ஒரு புதியவரின் உயிரை அரங்கில் எழுந்து காப்பாற்றிய நைன்ஸுக்காக, அவர் முறை வந்தபோது எழுந்து நிற்க ஓர் ஏற்பாடு இல்லாமல் போயிற்று. அவர் கிரிஃபித் பூங்காவில் ஒளிந்துகொள்ள நேர்கிறது. அங்கும் தீயும் ஓநாய்மனிதனும் அவரைத் துரத்துகின்றன.

இந்த நேரத்தில் தாம்சலோ ஸ்கெல்ட்டரோ தலைமையை முறைப்படி ஏற்றார்களா என்றால், இல்லை. அடுத்தவர் யார் என்ற கேள்வியை நைன்ஸ் இருக்கும்போதே கேட்பது, அவர் மேல் நம்பிக்கை இல்லை என்பதாகப் பொருள்படும் என்று அந்தக் கூட்டம் எண்ணியிருக்க வேண்டும். ஆளுமையின் மேல் நிற்கும் தலைமைகளில் வாரிசு பற்றிய பேச்சு துரோகமாகத் தோன்றுவது இயல்பே. வேபர் இதையும் கண்டார்: கவர்ச்சித் தலைமை நிலைக்க வேண்டுமானால் அது வழக்கமாகவோ விதியாகவோ மாறியாக வேண்டும். நைன்ஸின் கூட்டம் அந்த மாற்றத்தைத் தொடங்கவே இல்லை.

இதற்கிடையே ஜாக் என்ன செய்துகொண்டிருந்தார்? நகரமே தேடி அலைந்த பழங்காலச் சவப்பேழைக்குள் அவர் வெடிமருந்தை நிரப்பி வைத்திருந்தார். கதை முடிவில் பேழையைத் திறப்பவர் அதோடு சேர்ந்து அழிகிறார். இளவரசரை வீழ்த்தும் அந்த ஒரு செயலை, இயக்கத்தின் எந்தப் பொறுப்பிலும் இல்லாத ஒருவர், யாரிடமும் சொல்லாமல், யாருடைய ஒப்புதலும் இன்றிச் செய்கிறார். வெற்றி பெற்றதால் அது சாமர்த்தியமாகத் தெரிகிறது. பேழையைத் திறந்தவர் தாம்சலாக இருந்திருந்தால் நாம் ஜாக்கை வேறு சொல்லால் அழைத்திருப்போம். ஃப்ரீமன் எச்சரித்த கண்ணுக்குத் தெரியாத தலைமை அதன் கூர்மையான வடிவில் இங்கே நிற்கிறது: முதல் பாடம் சொன்னவரும் அவரே, கடைசி வெடியை வைத்தவரும் அவரே, அவரைப் பொறுப்பிலிருந்து நீக்க வழியில்லை, ஏனெனில் நீக்குவதற்குப் பொறுப்பே இல்லை.

கதைசொல்லிகளுக்கு இதிலிருந்து

இத்தகைய இயக்கம் ஒன்றைத் தம் விளையாட்டில் வைக்க விரும்பும் கதைசொல்லி, பாரன் யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே வழக்கம். வேலையிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. வேட்டைக்களத்தைப் பிரித்துக்கொடுப்பவர், பிறந்தவருக்குக் கற்பிப்பவர், இரகசியம் கசிந்த இடத்துக்கு முதலில் ஓடுபவர், எதிரியிடம் பேசப் போகக்கூடியவர், தலைவர் மறைந்திருக்கும் வாரத்தில் முடிவெடுப்பவர் ஆகியோருக்கு முதலில் ஆள் குறித்துவிட்டு, பிறகு பட்டங்களைச் சூட்டட்டும். ஒரே ஆளிடம் மூன்று வேலைகள் சேர்ந்தால் அங்கே ஓர் ஐசக் உருவாகிறார். ஒரு வேலைக்கு ஆளே இல்லாவிட்டால் அங்கேதான் கதையின் அடுத்த நெருக்கடி இருக்கிறது. அந்த நெருக்கடியை விளையாடுபவர்களே கண்டுபிடித்து, அந்த இடத்தில் தாங்களே போய் நிற்கும்போது, பதவி என்பது மேலிருந்து கொடுக்கப்படும் பரிசாக இல்லாமல் அவர்கள் சுமந்து பெற்றதாகிவிடுகிறது. அனார்க் கதைக்கு அதுவே இயல்பான வழி.

விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2018-இல் வந்தபோது புரூஹா, கேங்ரல் குலங்கள் பெரும்பாலும் கமரில்லாவை விட்டு அனார்க் பக்கம் வந்துவிட்டன. நகரத்துக்கு நகரம் தலைமை வடிவம் வேறுபடும் என்பதையும் அந்தப் பதிப்பு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. குலமாகத் திரண்டு வந்தவர்கள் தங்களோடு மூத்தவர்களையும், பழைய பகைகளையும், அவைப் பழக்கங்களையும் கொண்டுவந்தார்கள். நூறு ஆண்டுகள் கமரில்லா அவையில் அமர்ந்த ஒருவர் அனார்க் ஆனதும் தம் பழைய மரியாதையை எதிர்பார்ப்பாரா, எதிர்பார்த்தால் அதை யார் மறுப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நகரமும் தனியே விடை தேட வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. சாண்டா மோனிகா கடற்கரையில் ஒரு சிறு கூட்டம் உண்டு: இரத்தம் நீர்த்துப்போனவர்கள், முழுக் காட்டேரியும் அல்லாத முழு மனிதரும் அல்லாத இளைஞர்கள். தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லித்தர ஆளின்றி, இரவில் மணலில் தீமூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ரோசா என்னும் பெண்ணுக்கு வருவது தெரியும் ஆற்றல்கூட இருக்கிறது. கமரில்லா அவர்களைக் களைகளாகப் பார்க்கிறது. நைன்ஸின் கூட்டம் சுதந்திரம் பேசுவதெல்லாம் இவர்களைப் போன்றவர்களுக்காகவே என்றாலும், மதுக்கூடத்திலிருந்து ஒருவரும் அந்தக் கடற்கரைக்குப் பொறுப்பாக அனுப்பப்படவில்லை. அவர்களிடம் பேசவோ, அவர்கள் சார்பில் பேசவோ எந்தப் பாரனின் கீழும் ஒரு பதவி இல்லை. 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த இளைஞர்களுக்கென்று தனி ஆற்றல்களையும் விதிகளையும் கொடுத்திருக்கிறது. அனார்க் அவையில் அவர்களுக்கென்று ஓர் இருக்கையை, அந்தப் பதிப்பை நடத்தும் கதைசொல்லிகளே போட்டுத்தர வேண்டும்.